யார் கையில் கொடுப்பது

டப்ளினில் வேலை பார்த்த மூன்று வருடமும் ஷான் மெக்டர்மட் தெரு வழியாகத்தான் ஆபீஸுக்கு நடந்துபோவேன். வாடகை கொடுத்தது போக கையில் மிஞ்சும் காசுக்கு பஸ்ஸைவிட நடையே மேல். அந்தத் தெருவில் பழைய பெரிய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கும். முதல் ஆறு மாதம் அதை ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் கூட நடந்துவந்த சக ஊழியரிடம் கேட்டேன். எங்கள் டெஸ்டிங் டீமில் மூத்தவர், அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வேண்டாம்.

"லாண்ட்ரி" என்றார்.

"துணி துவைக்கிற இடமா? இவ்வளவு பெரிசா?"

"ஓட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் இங்க வரும். துவைக்கிற பெண்களுக்குச் சம்பளம் கிடையாது. கன்னியாஸ்திரிகள் நடத்தினாங்க. 1996-லதான் மூடினாங்க."

1996-ல் நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வரலாறு என்று அவர் சொன்னது எனக்கு நேற்று மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "நான் பிறந்தது இந்த மாதிரி இடத்துல இல்ல. இதோட சொந்தக்கார இடத்துல. தாய்-சேய் இல்லம்னு பேரு. 1968."

அதற்குமேல் அன்று அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு தேட ஆரம்பித்தேன். தேடியது வருடக்கணக்கில் நீண்டுவிட்டது. அதில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1

கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் தாயாகிறாள். அவளுக்கும் குழந்தைக்கும் சோறு போடுவது யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உண்டு. அரசுதான் பார்க்க வேண்டும், மதத்திடம் விட்டால் உதவியோடு சேர்த்து அவமானத்தையும் கொடுக்கும் என்பது ஒன்று. அரசுப் பணம் மனிதர்களைச் சோம்பேறியாக்கும், மத நிறுவனங்கள்தான் அன்போடு செய்யும், ஊருக்குள் இருப்பவர்களுக்குத்தான் ஊரின் தேவை தெரியும் என்பது மற்றொன்று.

நான் முதல் கட்சி. அயர்லாந்தைப் படிக்க ஆரம்பித்தபோதும் அப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபை கொடுமை செய்தது, பிறகு அரசு வந்து காப்பாற்றியது என்றொரு கதையை எதிர்பார்த்தேன். ஆவணங்கள் அந்தக் கதையைச் சொல்லவில்லை.

கதை பிரிட்டிஷ் காலத்தில் தொடங்குகிறது. 1838-ல் அயர்லாந்துக்கு ஏழைகள் சட்டம் வந்தது. உதவி வேண்டுமா, ஏழை விடுதிக்குள் வந்து இரு என்பதுதான் அதன் அடிப்படை. வீட்டில் இருப்பவருக்கு முதலில் எதுவும் கிடையாது. பெரும்பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847-ல்தான் அந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. கட்டடத்துக்குள் வந்தால்தான் சோறு என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

1922-ல் சுதந்திரம் வந்தது. புது அரசிடம் பணம் இல்லை. கையில் இருந்தவை பழைய ஏழை விடுதிக் கட்டடங்களும், நாடெங்கும் பரவியிருந்த துறவற சபைகளும். விடுதிகளில் பல 'கவுண்டி இல்லம்' எனப் பெயர் மாறின. திருமணமாகாத தாய்மார்களுக்கென்று தனி இல்லங்கள் வந்தன. கார்க் நகரின் பெஸ்பரோ 1922-லும், கால்வே மாவட்டத்தின் ட்யூம் 1925-லும் தொடங்கின. டிப்பெரரியின் ஷான் ராஸ் ஆபி பின்னால் வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். மேக்தலேன் லாண்ட்ரியும் தாய்-சேய் இல்லமும் ஒன்றல்ல. பெண்கள் பிரசவத்துக்குப் போனது இல்லங்களுக்கு. லாண்ட்ரிகளில் இருந்தவர்களில் பலர் தாய்மார்களே இல்லை. அநாதைகள், சிறு குற்றத்துக்காக நீதிமன்றம் அனுப்பியவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருந்தது. சில தாய்மார்கள் இல்லத்திலிருந்து லாண்ட்ரிக்குப் போனார்கள்.

1927-ல் அரசின் ஓர் ஆணையம் ஏழைகளுக்கான உதவியைப் பற்றி அறிக்கை கொடுத்தது. திருமணமாகாத தாய்மார்களை அது இரண்டு வகையாகப் பிரித்தது. திருந்தக்கூடியவர்கள் முதல் வகை. அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டாம் வகை. முதல் குழந்தை என்றால் முதல் வகை, அடுத்த குழந்தை என்றால் இரண்டாம் வகை என்பதுதான் நடைமுறை. அன்றைய அரசு ஆவணங்களில் இந்தப் பெண்களை 'முதல் குற்றவாளி' என்றே குறிப்பிடுவார்கள். இதை எழுதியவர்கள் பாதிரியார்கள் இல்லை. அரசு அலுவலர்கள்.

சென்னையிலும் டப்ளினிலும் என் வேலை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரூல்ஸ் எழுதுவது. யாருக்குக் க்ளெய்ம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை மெஷினுக்குப் புரியும் நிபந்தனைகளாக மாற்றிக் கொடுப்பேன். அதனால் 1927-ன் அந்தப் பக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. ஒழுக்கத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதே இல்லை. யாரை எந்த வகையில் போடுவது என்று ஒரு வரி எழுதினால் போதும், மிச்சத்தை அந்த வரியே பார்த்துக்கொள்ளும்.

2

ட்யூம் இல்லத்தை பான் செக்கூர் சபையின் சகோதரிகள் நடத்தினார்கள். கட்டடம் பழைய ஏழை விடுதி. சொந்தக்காரர் கால்வே கவுண்டி கவுன்சில், அதாவது அரசு. இதுபோன்ற இல்லங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாரக்கணக்கில் பணம் கட்டியது உள்ளாட்சி. பரிசோதிக்க வந்தவர்களும் அரசு ஆட்கள்.

1961-ல் ட்யூம் இல்லம் மூடப்பட்டது. பிறகு இடித்து அந்த இடத்தில் வீடுகள் கட்டினார்கள். 1975-ல் அங்கே விளையாடிய இரண்டு பையன்கள் ஒரு சிமெண்ட் பலகைக்குக் கீழே எலும்புகளைப் பார்த்தார்கள். பெரும்பஞ்சத்தில் செத்தவர்களாக இருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. அந்த மூலையைப் புல் வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள் அக்கம்பக்கத்தினர்.

கேத்தரின் கார்லெஸ் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். பல்கலைக்கழக ஆய்வாளர் இல்லை, உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட குடும்பத்தலைவி. இல்லத்துப் பிள்ளைகளும் அவர் படித்த பள்ளிக்குத்தான் வருவார்கள், ஆனால் தனியாக உட்கார வைக்கப்படுவார்கள். சின்ன வயதில் வெறும் மிட்டாய்த் தாளை மிட்டாய் மாதிரி மடித்து அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடம் கொடுத்து ஏமாற்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது அவரை விடவே இல்லை. இல்லத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அங்கே இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பதிவு அலுவலகத்தில் கேட்டார். ஒவ்வொரு சான்றிதழுக்கும் நான்கு யூரோ. 796 பெயர்கள் வந்தன. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டப் பதிவேடுகளில் தேடினார். அடக்கம் செய்ததற்கான பதிவு அநேகமாக எவருக்கும் இல்லை.

2012-ல் உள்ளூர் வரலாற்று இதழில் அவர் கட்டுரை வந்தது. 2014-ல் உலகச் செய்தியானது. 2015-ல் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. 2017 மார்ச்சில் ஆணையம் உறுதிசெய்தது: கழிவுநீரோடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் ஒரு நிலத்தடிக் கட்டுமானத்தின் அறைகளில் கணிசமான அளவில் குழந்தைகளின் எலும்புகள் இருக்கின்றன. முழு அகழாய்வு 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

2021 ஜனவரியில் ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது. 18 நிறுவனங்கள், 1922 முதல் 1998 வரை. சுமார் 56,000 தாய்மார்கள், 57,000 குழந்தைகள். இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 9,000. ஏழில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 1945–46ல் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளிடையே நாட்டில் இருந்த சராசரி இறப்பைப்போல இந்த இல்லங்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏற்கெனவே வறுமையிலும் ஒதுக்கலிலும் இருந்த குழந்தைகளின் சராசரி அது. அதைவிட மோசமாக இருந்தன அவர்களைக் காப்பாற்ற என்று கட்டப்பட்ட இடங்கள்.

அரசுக்குத் தெரியாதா? தெரியும். ஆலிஸ் லிட்ஸ்டர் என்ற அரசுப் பரிசோதகர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இந்த இறப்புகளைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். அறிக்கைகள் ஃபைலில் சேர்ந்தன. பெஸ்பரோவில் 1943-ல் பிறந்த, சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி நேரில் போய்ப் பார்த்தார், இல்லம் சில காலம் மூடப்பட்டது.

லாண்ட்ரிகளிலும் இதே ஏற்பாடுதான். 2013-ல் வந்த மெக்அலீஸ் அறிக்கையின்படி, எப்படி வந்தார்கள் என்று தெரிந்த சேர்க்கைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அரசின் கை இருந்தது. அரசுத் துறைகளே அங்கே துணி வெளுக்கக் கொடுத்தன.

ஆக, அரசா மதமா என்ற கேள்வி அயர்லாந்தில் அப்படியே பொருந்தவில்லை. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. அரசு பணம் கொடுத்தது, சபை நிர்வாகம் செய்தது. மலிவாக முடிந்தது என்று அரசுக்குத் திருப்தி. ஆன்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று சபைக்கு நிறைவு. அந்த மேசையில் தாய்க்கு நாற்காலி இல்லை.

3

அந்தப் பணத்தை நேரடியாக அவளிடமே கொடுத்திருக்கலாமே? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது.

அன்று யாருக்கும் அது தோன்றாததற்குக் காரணம் உண்டு. 1931-ல் போப் பதினொன்றாம் பயஸ் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் ஒரு முக்கியக் கொள்கை. குடும்பம் செய்ய வேண்டியதை அரசு செய்யக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முசோலினி காலத்து இத்தாலியில் இருந்து எழுதியவருக்கு அரசைப் பற்றி அச்சம் வந்ததில் ஆச்சரியமும் இல்லை. ஆனால் இந்தக் கொள்கையில் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள். குடும்பத்தின் தலை அப்பா. தாயும் குழந்தையும் மட்டும் இருந்தால் அது குடும்பத்தில் சேராது. அது ஒரு பிரச்சினை. பிரச்சினையைக் கையாள நிறுவனம்தான் வேண்டும்.

1944-ல் அயர்லாந்தில் குழந்தைகள் படித்தொகை வந்தது. மூன்றாவது குழந்தையிலிருந்து தொகை உண்டு. அது தகப்பன் கையில் கொடுக்கப்பட்டது. தாய் கைக்கு மாற 1974 ஆனது. முப்பது வருடம்!

1951-ல் நடந்தது இன்னும் பெரிய மோதல். சுகாதார அமைச்சர் நோயல் பிரவுனுக்கு வயது 35. தாய் தகப்பன் இருவரையும் காசநோயில் இழந்தவர். எல்லாத் தாய்மார்களுக்கும் பதினாறு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம், வருமானச் சான்று எதுவும் கேட்கக் கூடாது என்று திட்டம் கொண்டுவந்தார். ஆயர்கள் எதிர்த்தார்கள். குழந்தைகளின் உடல்நலம் பெற்றோரின் உரிமை, அரசின் உரிமை இல்லை என்றார்கள். அரசு டாக்டர்கள் பெண்களுக்குப் பிரசவம் பற்றி என்னவெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களோ என்ற கவலையும் இருந்தது. டாக்டர்கள் சங்கமும் எதிர்த்தது, அவர்கள் கவலை வருமானம். டப்ளின் பேராயர் மெக்வெய்ட் முன்னால் நின்றார். அமைச்சரவை பிரவுனைக் கைவிட்டது. ஏப்ரலில் ராஜினாமா செய்தவர் ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து மொத்தத்தையும் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

இது திருமணமாகாத தாய்மார்களுக்கான திட்டம் இல்லை, எல்லோருக்குமானது. ஆனால் அதில் இருந்த ஒரு அம்சம்தான் முக்கியம். கவுண்டரில் வந்து நிற்பவளிடம் 'உன் புருஷன் யார்' என்று கேட்க அந்தத் திட்டத்தில் தேவையே இல்லை. நிபந்தனை இல்லாத இடத்தில் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் வேலை இருக்காது.

4

மத நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று இங்கே முடித்துவிடலாம். நானும் முடித்திருப்பேன். ஒரு சின்னத் தகவல் தடுத்துவிட்டது.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கத்தோலிக்க வீடுகள் அதிகம். வாரத்தில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு 'மரியாயின் சேனை' கூட்டத்துக்குப் போவார். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, முதியவர் வீட்டுக்குப் போய் வருவது என்று அவர்களுக்கு வாராவாரம் வேலை பிரித்துக் கொடுப்பார்கள். இந்த மரியாயின் சேனை 1921-ல் டப்ளினில் தொடங்கியது என்பது அந்த நகரத்தில் வாழ்ந்து வாசிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. தொடங்கியவர் ஃப்ராங்க் டஃப். பாதிரியார் இல்லை, நிதித்துறையில் வேலை பார்த்த அரசு ஊழியர்.

1930-ல் டஃப் பெண்களுக்காக ரெஜினா சேலி என்ற விடுதியைத் திறந்தார். திருமணமாகாத தாய்மார்களும் வந்தார்கள். மற்ற எந்த இல்லத்திலும் இல்லாத ஒன்று அங்கே நடந்தது. குழந்தையைத் தாயே வைத்துக்கொள்ளலாம். காலையில் வேலைக்குப் போகலாம், அந்த நேரத்தில் குழந்தைகளை மற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் திரும்பி வந்து குழந்தையோடு இருக்கலாம். தங்குவதற்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும்.

ரெஜினா சேலியைப் புனிதமாக்கத் தேவையில்லை. இடிந்த பழைய கட்டடம், நெரிசல், வறுமை. ஆரம்ப வருடங்களில் அங்கும் குழந்தைகள் நிறைய இறந்தார்கள். மற்ற இல்லங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த அரசு இங்கே கையை இறுக்கிக்கொண்டது. ஆனால் அதே நகரம், அதே மதம், அதே ஜெபமாலை. டஃப்பும் திருமணத்துக்கு வெளியே உறவைப் பாவம் என்றுதான் நம்பியிருப்பார். இருந்தும் அந்தப் பாவத்துக்குக் குழந்தையை விலையாகக் கேட்கவில்லை.

இதைப் படித்த அன்று இரவு அந்த அக்காவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லலையே தம்பி" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மத்த இடத்தில எல்லாம் நம்ம சிஸ்டர்மாருதானா?" என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் அக்கா என்று எழுதினேன்.

5

1952-ல் தத்தெடுப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே குழந்தைகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பதுகளின் இறுதியிலிருந்து எழுபதுகளின் தொடக்கம்வரை இரண்டாயிரத்துக்கும் மேல். 'ஃபிலோமினா' படம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஷான் ராஸ் ஆபியில் ஃபிலோமினா லீ பெற்ற மகன் மூன்று வயதில் 1955-ல் அமெரிக்கா போனான். 1967-ல் நாட்டின் தத்தெடுப்புகள், திருமணத்துக்கு வெளியே நடந்த பிறப்புகளின் எண்ணிக்கையில் சுமார் 97 விழுக்காட்டுக்குச் சமம். அத்தனை தாய்மார்களும் மனதார விரும்பிக் கொடுத்தார்கள் என்று நம்ப முடியுமா? கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்ட நாளில் அவர்களுக்கு எதிரில் வேறு எந்தத் தாளும் இல்லை.

மாற்றத்தைத் தொடங்கியது அரசும் இல்லை, சபையும் இல்லை. 1972-ல் மோரா ஓடே என்ற திருமணமாகாத தாய், தன்னைப் போன்ற சிலரோடு 'செரிஷ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் தலைவராக இருக்க ஓர் இளம் வழக்கறிஞர் ஒத்துக்கொண்டார். பெயர் மேரி ராபின்சன், 1990-ல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனவர். அதே 1972 டிசம்பரில் தெக்லா பியர் தலைமையில் பெண்கள் நிலை குறித்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் திருமணமாகாத தாய்க்கு அரசு தொகை தர வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கைவிடப்பட்ட மனைவிகளுக்கு 1970-லேயே அப்படி ஒன்று வந்திருந்தது.

1973-ல் திருமணமாகாத தாய் படித்தொகை சட்டமானது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. பிரிட்டனில் 1967-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபின், ஐரிஷ் பெண்கள் கப்பலேறிவிடுவார்கள் என்ற பயம் திருச்சபையையும் கொஞ்சம் இளக்கியிருந்தது.

தொகை பெரிதில்லை. ஆனால் வாரா வாரம் அவள் பெயரில் வந்தது. ஒரு கட்டடத்துக்குள் போகாமலே வந்தது. அதற்குப் பிறகு தத்துக்கொடுப்பது சரசரவென்று குறைந்தது. அந்தத் தொகை மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். இலவச உயர்நிலைக் கல்வி வந்திருந்தது. திருமணமானதும் பெண்கள் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி அதே 1973-ல் போனது. டிவி வந்திருந்தது, ஐரோப்பா வந்திருந்தது. இருந்தாலும், ஒரு பெண் 'நான் குழந்தையை வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதற்கும் அதைச் செய்து காட்டுவதற்கும் நடுவில் ஒரு மாத வாடகை இருக்கிறது. அந்த வாடகை 1973-லிருந்து கிடைத்தது.

அரசு அதனால் நல்லதாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அவள் ஓர் ஆணோடு சேர்ந்து வாழ்ந்தால் தொகை நிற்கும். அதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள். முன்பு மடத்துத் தலைவி பார்த்த வேலையை இப்போது சமூகநலத் துறை பார்த்தது. குழந்தையைத் தனியாக வளர்க்கும் திருமணமாகாத தகப்பனுக்கு 1990 வரை எதுவும் இல்லை. 'சட்டவிரோதக் குழந்தை' என்ற நிலை சட்டத்திலிருந்து போக 1987 ஆனது.

அவமானம் அதைவிடவும் மெதுவாகத்தான் போனது. 1982-ல் நியூ ராஸ் ஊரில் ஐலீன் ஃப்ளின் என்ற ஆசிரியை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மனைவியைப் பிரிந்த ஒருவரோடு வாழ்ந்து கர்ப்பமானது காரணம். பள்ளியை நடத்தியது மடம். 1985-ல் உயர் நீதிமன்றம் பள்ளியின் பக்கமே நின்றது. 1984 ஜனவரியில் கிரனார்ட் என்ற சிற்றூரில் பதினைந்து வயது மாணவி ஆன் லவெட், மாதா கெபிக்கு அருகே தனியாகக் குழந்தை பெற்றாள். குழந்தையும் இறந்தது, அவளும் இறந்தாள். படித்தொகை வந்து பத்து வருடம் முடிந்திருந்தது. பணத்தால் ஆகாத காரியமும் உண்டு என்பதை ஒத்துக்கணும்.

6

2021 அறிக்கை வந்த மறுநாள் பிரதமர் மிஹோல் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பான் செக்கூர் சகோதரிகளும் கேட்டார்கள். ஆனால் அங்கிருந்து வந்தவர்களில் பலருக்கு அறிக்கைமீதே கோபம். பெண்களை அரசோ சபையோ வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளியதற்கு ஆதாரம் குறைவு, முதல் பொறுப்பு குழந்தைகளின் தகப்பன்மாருக்கும் பெண்களின் குடும்பத்துக்கும்தான் என்றது அறிக்கை. பெரும்பாலான பெண்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும் அதுவே சொன்னது.

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பலமுறை படித்திருக்கிறேன். தகப்பன்மார் ஓடினார்கள், உண்மை. அப்பா அம்மா கதவைச் சாத்தினார்கள், அதுவும் உண்மை. ஆனால் வேறு வழி தானாக இல்லாமல் போகவில்லை. அரசின் ஒவ்வொரு பைசாவும் அந்தக் கட்டடங்களின் வாசல் வழியாக மட்டுமே போகும்படி ஐம்பது வருடம் விதி எழுதி வைத்திருந்தார்கள். எல்லா நிபந்தனையும் ஒரே இடத்தில் போய் முடிகிற ஒரு புரோகிராமை எழுதிவிட்டு, யூசர் தானாக அங்கே போனார் என்று எங்கள் வேலையில் சொல்ல முடியாது.

2022 அக்டோபரிலிருந்து தத்துக்கொடுக்கப்பட்டவர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழையும் ஃபைலையும் கேட்டுப் பெறலாம் என்று சட்டம் வந்தது. என் நண்பர் விண்ணப்பித்தார். பல மாதம் கழித்து உறை வந்தது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் அதைக் காட்டினார்.

அவர் இல்லத்தில் இருந்தது 141 நாள். பிறகு தத்துப் பெற்றோர். "நல்லா வளர்த்தாங்க" என்றார். "என் அம்மா, வளர்த்த அம்மா, தினமும் பூசைக்குப் போறவங்க. என்னை மாதா கொடுத்த பிள்ளைன்னுதான் சொல்வாங்க. அவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல." பெற்ற தாய் அதன்பின் பர்மிங்காம் போய் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்திருக்கிறார். இவர் தேடிக் கண்டுபிடிப்பதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

2024 மார்ச்சில் நிவாரணத் தொகைக்கான விண்ணப்பம் திறந்தது. தாய்மார்கள் எத்தனை நாள் இருந்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். குழந்தையாக இருந்தவர்கள் குறைந்தது 180 நாள் இருந்திருக்க வேண்டும். இவருக்கு 39 நாள் குறைவு.

"நீ இந்த மாதிரி ரூல்தானே எழுதுற?" என்று சிரித்தார். "180-ங்கறது எங்கேருந்து வரும்?"

எங்கள் வேலையில் எப்படி வரும் என்று சொன்னேன். யாரோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். பிறகு அது டிக்கெட்டில் ஏறிவிடும். அதற்குப்பின் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அவருக்குப் பணம் ஒரு பிரச்சினை இல்லை. அவர் எனக்குக் காட்ட விரும்பியது ஃபைலில் வேறொரு தாளை. தாய்க்கும் சேய்க்கும் கவுண்டி கவுன்சில் வாராவாரம் இல்லத்துக்குக் கட்டிய கணக்கு அது. தேதி, தொகை, கையெழுத்து. வரிசையாக, ஒரு வாரம்கூட விடாமல்.

"1968-ல டப்ளின்ல ஒரு ரூம் வாடகை எவ்வளவு இருந்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்துத் தேடப் போனேன்.

"தேடாதே" என்றார். "நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

தாளை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் பிடிக்க எழுந்து போனார்.